எனக்கு ஒன்றும் இல்லையே!

கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கீழே பெயர் இல்லை. "உங்கள் நெடுநாள் வாசகி" என்று மட்டும் போட்டிருந்தது. தபால் முத்திரையைப் பார்த்தாவது ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்றால், அது மசி கரைந்து வெறும் கறுப்பு வட்டமாகிவிட்டிருந்தது. அதுவும் நல்லதுதான். ஊர் தெரியாமலே பதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அந்த வாசகிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது நாலரை மாதக் கர்ப்பிணி, தலைச்சன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கம்போல் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது நர்ஸம்மா தனியே கூப்பிட்டு, "வி.டி.ஆர்.எல். என்ற பரிசோதனையில் கோளாறு தெரிகிறது. உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வா, அம்மா" என்றாராம். வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "எனக்கு ஒன்றும் இல்லையே! கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நோய் உனக்கு, பரிசோதனை எனக்கா?" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாமியார் அன்றிலிருந்து பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாராம்.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எனக்கும் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். இரண்டு பேருக்கும் தெரியாத நோய் எப்படி ஐயா நோயாகும்?"

கடிதத்தை எங்கள் ஆசிரியரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் யோசிக்கிறார் என்று பொருள். "இது குடும்பப் பத்திரிகையாயிற்றே?" என்றார்.

"கடிதம் குடும்பத்திலிருந்துதானே ஸார் வந்திருக்கிறது!" என்றேன்.

"சரி, எழுதும். பாட்டிமார்களும் படிப்பார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்" என்றார்.

பாட்டிமார்களுக்குத் தெரியாத சமாசாரம் இதில் அதிகம் இல்லை. மேகம், வெட்டை, கிரந்தி, பறங்கிப் புண் என்று இந்த வியாதிகளுக்கெல்லாம் அவர்கள் காலத்திலேயே பெயர் இருந்தது. அந்தப் பறங்கிப் புண் என்ற பெயரே ஒரு வேடிக்கை. கப்பலேறி வந்த பறங்கிக்காரன் கொண்டுவந்த நோய் என்று நாம் அவன் தலையில் கட்டினோம். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய வைத்திய நூலிலும் அதற்கு 'பிரங்க ரோகம்' என்றுதான் பெயர். ஆனால் பறங்கிகளின் தேசத்தில் என்ன நடந்தது தெரியுமா? இத்தாலிக்காரன் அதைப் 'பிரெஞ்சு நோய்' என்றான். பிரெஞ்சுக்காரன் 'நேப்பிள்ஸ் நோய்' என்றான். ருஷ்யர்கள் போலந்துக்காரர்களைக் கை காட்டினார்கள். தன் வீட்டிலிருந்து வந்தது என்று ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை! நம் வாசகியின் வீட்டில் இன்று நடப்பதும் ஏறக்குறைய அதேதான். டாக்டர்கள் இதை சிபிலிஸ் என்கிறார்கள்.

வாசகியின் கேள்விக்கு வருவோம். தெரியாத நோய் எப்படி நோயாகும்?

நம் தொடர்கதைகளில் கதாநாயகனுக்கு க்ஷயரோகம் வரப்போகிறது என்றால் மூன்றாவது அத்தியாயத்திலேயே இரண்டு தடவை இருமிக் காட்டிவிடுவான். வாசகர்களும் சுதாரித்துக்கொள்வார்கள். சிபிலிஸ் கிருமிக்கு இந்தக் கதை சொல்லும் நாகரிகமெல்லாம் கிடையாது. அது உடம்பில் நுழைந்து சுமார் மூன்று வாரம் கழித்து, நுழைந்த இடத்தில் ஒரு சின்னப் புண் வரும். அந்தப் புண் வலிக்காது. கவனியுங்கள், வலிக்கவே வலிக்காது. ஆண்களாவது சில சமயம் கண்ணால் பார்ப்பார்கள். பெண்களுக்கு அது உள்ளே இருந்துவிட்டால் யார் பார்ப்பது? மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். அப்புறம் சிலருக்கு உடம்பிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரும். அரிப்புக்கூட இருக்காது. "சூடு, ஒத்துக்கொள்ளாத எதையோ தின்றுவிட்டோம்" என்று இரண்டு நாள் இளநீர் குடிப்பார்கள். அதுவும் போய்விடும். அதன் பிறகு வருவதுதான் விசேஷம்: ஒன்றுமே இல்லாத காலம். வருஷக் கணக்கில் நீடிக்கும். முகம் மலர்ந்திருக்கும், பசி இருக்கும், தூக்கம் வரும். கிருமியும் இருக்கும். பத்து, இருபது வருஷம் கழித்து ஒரு சிலருக்கு இருதயத்தையோ மூளையையோ பிடித்த பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

ஆகவே அந்தக் கணவர், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அவர் அறிந்தவரை அது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதற்கும் 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் நடுவே ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைத் தாண்டாமல் ஒன்றை மற்றொன்றாகச் சொல்ல முடியாது.

சிபிலிஸ் மட்டும் இப்படி ஊமையாக இருப்பதில்லை. கிளாமிடியா என்று ஒன்று. பெயர் ஏதோ கிரேக்கச் சீமாட்டியின் பெயர்போல் இருக்கிறது! அது தொற்றிய பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு ஒரு குறியும் தெரியாது. ஆண்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமலே மேலே ஏறிக் கருக்குழாயில் தழும்பு விழுந்து அடைத்துவிடும். சில வருஷம் கழித்து, "இன்னும் ஒன்றும் விசேஷமில்லையா?" என்று உறவினர்கள் கேட்கத் தொடங்குவார்கள். கோயில் குளம் போவார்கள். அரசமரம் சுற்றுவார்கள். பழி பெண்ணின் தலையில் விழும். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் ஒரு வார மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய சங்கதி! வெட்டை நோயும் அப்படித்தான். ஆணுக்குப் பெரும்பாலும் எரிச்சலைக் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும், பெண்ணுக்குப் பல சமயம் காட்டாது. வெட்டைக் கிருமி பழைய மருந்துகளுக்கெல்லாம் டிமிக்கி கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே மருந்துக் கடையில் கூச்சத்தோடு ஜாடை காட்டி நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர் நோயை அல்ல, எரிச்சலை மட்டும் தீர்த்துக்கொள்கிறார். பிறகு அவரும், "எனக்கு ஒன்றும் இல்லையே!" கோஷ்டியில் சேர்ந்துகொள்கிறார்.

ஏதோ அபூர்வ வியாதிகளைப் பற்றிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். குணப்படுத்தக்கூடிய நாலு பால்வினைத் தொற்றுகள் மட்டும் 2020-ஆம் ஆண்டில் உலகமெங்கும் 37 கோடிக்கு மேல் புதிதாக உண்டாகியிருக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. தினம் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலானவை குறி காட்டாதவை.

முகத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1986-ஆம் வருஷம். எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நோய், நம் நாட்டுக்கு அது வராது என்று பெரிய மனிதர்களே பேசிக்கொண்டிருந்த சமயம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் என்ற அம்மாள் பேராசிரியை. அவரிடம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. "ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொள்" என்றார் பேராசிரியை. மாணவிக்குத் தயக்கம். கணவர் தைரியம் சொன்னார். காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்தம் சேகரித்தார். எண்பதுக்கு மேல் சேர்ந்தது. வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கணவரும் மனைவியுமாக ராத்திரி ரயிலேறிக் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது அன்றுதான்.

அந்தப் பெண்கள் எய்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அல்ல. தேடிப் போனதால்தான் தெரிந்தது. மருந்து எடுக்காதவர்களுக்குக்கூட எச்.ஐ.வி. பல வருஷம் வெளியே ஒன்றும் காட்டாமல் இருக்கும்.

கதை அங்கே முடியவில்லை. டாக்டர் சுனிதி 1993-இல் தனியாக ஓர் ஆராய்ச்சி, சிகிச்சை நிலையம் தொடங்கினார். அங்கே வந்த பெண்கள் யார்? அவரும் அவரோடு இருந்தவர்களும் 2000-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. தொற்றிய அந்தத் தென்னிந்தியப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டைத் தவிர வேறொன்றும் அறியாத இல்லத்தரசிகள். கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். அவர்கள் செய்த ஒரே துணிச்சலான காரியம் கழுத்தை நீட்டித் தாலி கட்டிக்கொண்டதுதான்.

"யாருக்கு இந்த நோய்கள் வர வாய்ப்பு அதிகம்?" என்று என் பரிச்சயத்திலுள்ள லேடி டாக்டர் ஒருவரைக் கேட்டேன். புத்தகத்தில் உள்ளதை முதலில் சொன்னார்: பலரோடு உறவு, புதிய உறவு, ஆணுறை இல்லாத உறவு, குடி மயக்கத்தில் புத்தி தடுமாறுவது, ஏற்கெனவே ஒரு பால்வினை நோய் வந்திருப்பது. ஒரு புண் இருந்தால் அதன் வழியே எச்.ஐ.வி.யும் சுலபமாக நுழையும். வயதும் ஒரு காரணம். இருபத்தைந்துக்குக் கீழே உள்ள பெண்களின் கர்ப்பப்பை வாய் இன்னும் முற்றாததால் கிளாமிடியா எளிதில் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் அந்த வயதுப் பெண்களுக்குக் குறி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் வருஷம் ஒரு முறை பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

"இதெல்லாம் நம் நடத்தையைப் பற்றிய கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு" என்றார் அந்த அம்மாள். "நம் துணைவருக்கு யாரோடு உறவு இருந்தது, அவர்களுக்கு யாரோடு இருந்தது என்பது. அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. கேட்டாலும் சரியாக வராது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்ததும் அதில் சேரும். நகை எத்தனை சவரன், ஜாதகத்தில் எத்தனை பொருத்தம் என்று கேட்கிறவர்கள் இதை மட்டும் கேட்பதில்லை."

பொதுக் கழிப்பறையைப் பற்றியும் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கழிப்பறையில் உட்கார்ந்ததால் வந்தது என்று சொல்கிற புருஷர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்களாம். சிபிலிஸோ வெட்டையோ கிளாமிடியாவோ எச்.ஐ.வி.யோ கழிப்பறையாலும் வராது, ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் வராது. வாசகியின் மாமியார் காதில் விழுகிற மாதிரி இதை இரண்டு தடவை படியுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கும் இதே பரிசோதனைகள் நடந்தன. எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., மஞ்சள் காமாலைக் கிருமி என்று நீளமாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள் உள்ளே போய்க் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் போட்டிப் பத்திரிகை! "உங்களுக்கும் எடுக்கட்டுமா?" என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குத்தான் ஒன்றும் இல்லையே!

பெண் எப்படி அகப்பட்டுக்கொள்கிறாள் என்பது இந்த வாசகியின் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. குறி காட்டாத நோயைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நன்றாக இருக்கிறவர்களின் ரத்தத்தைப் பார்ப்பது. ரத்த தானம் செய்கிறவர்களை விட்டால், நன்றாக இருக்கும்போதே கட்டாயமாக ரத்தம் பார்க்கப்படுகிறவள் கர்ப்பிணி ஒருத்திதான். ஆகவே வீட்டில் முதலில் தெரிகிறது அவளுக்கு. முதலில் தெரிந்ததையே முதலில் வந்ததாக வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கை யார் கையில் கொடுத்தோமோ அவள்தான் இருட்டைக் கொண்டுவந்தாள் என்கிற நியாயம் இது!

பரிசோதனைக்கு அப்படியெல்லாம் சாட்சி சொல்லத் தெரியாது. யாரிடமிருந்து யாருக்கு என்று அது சொல்லாது. எப்போது என்றும் சொல்லாது. ஏன், வி.டி.ஆர்.எல். ஒன்றை மட்டும் வைத்து சிபிலிஸ் என்றே முடிவு கட்டக்கூடாது. கர்ப்பத்தினாலேயே சில சமயம் அது பொய்யாகக் கோளாறு காட்டும். மலேரியா, மூட்டைத் தாக்கும் சில வியாதிகள் இவற்றாலும் காட்டும். அதனால்தான் டி.பி.எச்.ஏ. என்று இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். சகோதரி, உங்களுக்கு அது செய்தாயிற்றா என்று கடிதத்தில் இல்லை. முதல் காரியமாக அதைக் கேளுங்கள்.

உறுதியாகிவிட்டால்? பயப்பட வேண்டாம். ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம். இந்த நோய் தாயிடம் ஊமையாக இருந்தாலும் வயிற்றுக் குழந்தையிடம் ஊமையாக இருக்காது. சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பங்களில் ஏதாவது ஒரு விபரீதம் நேர்கிறது: குழந்தை இறந்து பிறக்கலாம், குறை மாதத்தில் பிறக்கலாம், பிறந்த பிறகு நோய் கண்டு வாடலாம். மருந்தோ வெகு பழசு. 1943-இல் நியூயார்க்கில் டாக்டர் மஹோனி என்பவர் நாலு நோயாளிகளுக்குப் பெனிசிலின் போட்டுப் பார்த்தார், கேட்டது. எண்பது வருஷம் கழிந்தும் சிபிலிஸ் கிருமி பெனிசிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது ஆச்சரியந்தான். நெடுநாள் வேலை செய்யும் பென்சத்தீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், இடுப்புக்குக் கீழே ஊசி. புதிதாகத் தொற்றியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒரு தடவை. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். கர்ப்பிணிகள் நடுவில் ஒரு வாரம் தவறவிடக் கூடாது. கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவுக்கும் சேர்த்து எட்டுகிற மருந்து இது ஒன்றுதான் என்பதால், ஒவ்வாமை இருந்தால்கூட ஆஸ்பத்திரியில் வைத்துப் பக்குவப்படுத்தி இதையே கொடுப்பார்கள். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னாலாவது சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு நாலரை மாதந்தான் ஆகிறது. வேண்டிய காலம் கையில் இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் அதையும் டாக்டர் பார்க்க வேண்டும். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் பார்க்க வேண்டும். பிறக்கும்போது ஒன்றும் தெரியாமல் சில வாரம் கழித்துக் குறி காட்டுகிற குழந்தைகள் உண்டு.

இனி உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மடித்து வையுங்கள். ஐயா, உங்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. உங்கள் பழைய கதை எங்களுக்கு வேண்டாம். டாக்டருக்கும் அது முழுசாக வேண்டாம். ஆனால் மனைவிக்கு மட்டும் ஊசி போட்டு உங்களை விட்டுவிட்டால், ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான். அவள் குணமான பிறகு மறுபடியும் தொற்றலாம், அதுவும் வயிற்றில் குழந்தையோடு. இருவருக்கும் சிகிச்சை முடிகிற வரை விலகி இருக்கவேண்டும். ஒருகால் உங்கள் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும், அதை வைத்து மனைவிமேல் பாயாதீர்கள். அவளுடைய பரிசோதனை பொய்க்கோளாறா என்று முதலில் பாருங்கள். தொற்று வெகு நாளைக்கு முன்பு எப்படியோ வந்ததாகவும் இருக்கலாம்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையோடு இணைந்த பால்வினை நோய்க் கழகம் வெகு காலப் புகழ் பெற்றது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைப் பார்க்கலாம். காசு வேண்டாம். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெயர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம். எச்.ஐ.வி. விஷயத்தில் சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது.

ஆனால் ஒன்று. இந்த நிலையங்களில் சிகிச்சை பெரும்பாலும் நோயாளி சொல்கிற குறிகளை வைத்தே நடக்கிறது. ஒன்றும் தெரியாதவர் அங்கே போய், "எனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் பாருங்கள்" என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்க்கவும் கூடும். பார்த்தால் பார்க்கட்டும் என்று கேட்கத்தான் வேண்டும்.

கடைசியாக, சகோதரி, நீங்கள் ஓரத்தில் பென்சிலில் எழுதிப் பிறகு அழித்திருந்த வரியும் எனக்குத் தெரிந்துவிட்டது: "மாமியாரிடம் என்ன சொல்வது?" வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அது உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். "குழந்தை நல்லபடியாகப் பிறக்க மூன்று ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள், அவரும் கூட வரவேண்டுமாம்" என்று சொல்லுங்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பேரக் குழந்தை என்றதும் பேசாமல் இருக்க எந்த மாமியாராலும் முடியாது. தட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஊசிக்கு எந்தக் கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள், மூன்று தேதிகளையும்.